புயலுக்கு மண்டகப்படி

பெலாரோத் தீவில் புயலின் கண் ஒரு மனிதனோடு கூடவே நடக்கத் தொடங்கிய அந்த மழைக்காலத்தில், அதை முதலில் கண்டுகொண்டவள் நம் துணைத் தூதரகத்தின் வாசல் மேசையில் உட்கார்ந்திருக்கும் அஞ்சலைதான். கண்டுகொண்டதும் அவள் செய்த முதல் காரியம், ஊறிக் கிடந்த தன் புடவைகளை எடுத்துப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, துணைத் தூதர் கனகசபைக்குப் பின்னாலேயே நடந்ததுதான்.

கண் என்றால் புயலுக்கு நடுவே இருக்கும் காற்றில்லாத வட்டம். தீவில் பிறந்தவர்களுக்கு அது தெரியும், பரங்கிப்பேட்டைக் கடற்கரையில் பிறந்த கனகசபைக்கும் தெரியும். கண் வந்தால் இரைச்சல் நின்று வானம் திறக்கும், களைத்துப்போன கடற்பறவைகள் கிடைத்த இடத்தில் உட்காரும், ஜனங்கள் கதவுக்கு ஆணி அடித்து ஒரு வாய் காப்பி குடிப்பதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து பின்காற்று வந்து அறையும். அதற்குள் கொடியை இறக்கிவிடலாம் என்றுதான் அவர் வெளியே வந்தார். கொடியை இறக்கி மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, துறைமுகப் பக்கம் நம் ஜனங்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்கக் கிளம்பினார். ஒரு தெரு தாண்டியிருப்பார்.

"கொன்சலையா, நில்லுங்க. பின்னால பாருங்க."

கொன்சல் என்றால் தூதர்; அதோடு ஐயாவைச் சேர்த்துத் தீவுத் தமிழர்கள் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். திரும்பிப் பார்த்தார். சற்று முன் அவர் நின்றிருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சுவர் சுழன்றுகொண்டிருந்தது; அதற்குள் தூதரகத்தின் ஓடுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தன.

"ஓடு போச்சே," என்றார்.

"போனா போகுது. நீங்க ரெண்டடி பின்னால வாங்க."

வந்தார். சுவர் இரண்டடி பின்னால் போயிற்று.

"இப்ப முன்னால."

சுவரும் முன்னால் வந்தது.

"சரி," என்றாள் அஞ்சலை. "எங்க அக்கா வீட்டுக் கூரை பிய்ச்சிக்கிட்டுக் கெடக்கு, மீன்காரத் தெருவுல. அங்க போவோம். மெதுவா நடங்க, ஓடிராதீங்க."

இந்த முனையில் நின்று கூப்பிட்டால் அந்த முனையில் கேட்கும், அவ்வளவுதான் அந்த வட்டத்தின் அகலம். அதற்குள் வெயில், அதற்கு வெளியே உலகம் முடிகிற மாதிரி ஒரு இரைச்சல். மீன்காரத் தெருவுக்குள் அவர் நுழைந்தபோது கதவுகள் திறந்தன, ஜனங்கள் வந்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், யாரும் மூக்கின்மேல் விரல் வைக்கவில்லை. ஆண்கள் ஏணி எடுத்தார்கள், பெண்கள் அடுப்பு மூட்டினார்கள், ஒருத்தி பாயை விரித்து நனைந்த அரிசியைக் காயப் போட்டாள், ஒரு கிழவன் அவசரமாக முகச்சவரம் செய்துகொண்டான், யாரோ நாற்காலி கொண்டு வந்து கனகசபையை உட்கார வைத்து, தலைக்கு மேல் குடை பிடித்து, நகரக் கூடாது என்று அன்பாகவும் கண்டிப்பாகவும் சொன்னார்கள்.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் சேதி பரவிவிட்டது. கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு காற்றுச் சுவரைக் கிழித்து ஒவ்வொரு தெருவிலிருந்தும் ஆள் வந்தது. எங்கள் தெருவுக்கு எப்போது, எங்கள் ஆஸ்பத்திரிக்கு எப்போது, எங்கள் மாட்டுக் கொட்டகைக்கு எப்போது என்று கேட்டார்கள். முதலில் சண்டை வந்தது. பிறகு திரௌபதையம்மன் கோயில் பூசாரி ஒரு வார்த்தை சொன்னார், சண்டை நின்றது. அம்மன் ஊர்வலம் வரும்போது எந்தத் தெருவில் எப்போது இறங்கி நிற்பாள் என்று பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து மண்டகப்படி முறை ஒன்று இருக்கிறதே, அதே முறையில் கொன்சலையாவும் வரட்டும் என்றார் பூசாரி. இதைவிட நியாயமாக ஒன்று யாருக்கும் தோன்றவில்லை.

அப்படியே நடந்தது. சேகண்டி அடித்தால் கொன்சலையா நகரப்போகிறார் என்று அர்த்தம். உடனே இந்தத் தெருக்காரர்கள் சட்டி பானைகளை உள்ளே எடுத்துக் கதவைத் தாழ் போட்டார்கள், அந்தத் தெருக்காரர்கள் ஈரத்துணிகளோடு வாசலில் நின்றார்கள். அவர் கொல்லைக்குப் போக வேண்டுமானாலும் சேகண்டி அடித்தது. ஒருவன் கற்பூரத்தட்டோடு வந்தான்.

"மனுசனுக்கு அதக் காட்டாதடா," என்றாள் அஞ்சலை. "பொகையில இருமல் வரும். இருமினா அசைவாரு. அசைஞ்சா உங்க வீட்டுக் கூரைதான் மொதல்ல போவும்."

எல்லாத் தெருவுக்கும் போனார் கனகசபை, ஒரு தெருவைத் தவிர. அது சீனிக் கிடங்குத் தெரு. கோயில் முறைப்படி அதற்குத்தான் முதல் மண்டகப்படி. அங்கே தமிழர் சங்கத் தலைவர் தாண்டவராயன் வீடு இருந்தது.

விஷயம் இதுதான். போன தீமிதி விழாவில் பரிவட்டம் கட்டும் நேரம் வந்தபோது, நாட்டின் பிரதிநிதி என்று கோட்டும் டையும் போட்டு வியர்வையில் நனைந்தபடி கனகசபை முன்னால் நின்றுகொண்டிருந்தார். பூசாரி துணியோடு வந்தார். முதல் துணி நாட்டின் பிரதிநிதிக்கு என்ற வழக்கம் தெரிந்தவர்தான் தாண்டவராயன்; தெரிந்தே, பக்கத்திலிருந்து ஒரு அடி முன்னால் வந்து தன் தலையைக் குனிந்தார். பூசாரி கட்டிவிட்டார். இரண்டாவது துணிதான் கனகசபைக்கு. சிலர் இதை அற்பம் என்பார்கள். வாழ்நாளெல்லாம் முதல் வரிசையில் உட்கார்ந்தவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள். தட்டச்சுக்காரராகச் சேர்ந்து, படிப்படியாக ஏறி, தனக்குப் பின்னால் வந்த பட்டதாரிகளெல்லாம் பெரிய தேசங்களுக்குப் போவதைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் யாரும் கேட்காத இந்தத் தீவுக்கு வந்து சேர்ந்த ஒரு மனிதனுக்கு அது அற்பமில்லை. அன்றைக்கே அஞ்சலையிடம் சொன்னார், அது என் தலை இல்லை, ஒரு நாட்டின் தலை என்று. "நாட்டுக்குத் தலைய வலிக்குதா கொன்சலையா?" என்று கேட்டுவிட்டு அவள் தைலப் புட்டியைக் கொண்டு வந்து வைத்தாள். அதிலிருந்து அவர் அந்தத் தெரு வழியாகப் போவதில்லை, சுற்றிக்கொண்டு போவார்.

கடைசியில் தாண்டவராயனே வந்தார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரைக் கிழித்து வட்டத்துக்குள் வந்து விழுந்தார், நெற்றியில் ரத்தம், வேட்டி கிழிந்திருந்தது. கனகசபை அப்போது கடைத்தெருவில் நாற்காலியில் இருந்தார்.

"மொத மண்டகப்படி எங்களுது," என்றார் தாண்டவராயன் மூச்சு வாங்க. "கெடங்கத் தவிர எங்க தெருவுல ஒரு கூரைகூட மிச்சமில்ல. எழுந்து வாரும்."

"முறையப் பத்தி நீங்க பேசறீங்களா, தலைவரே?"

"எந்த முறை? ஓ, பரிவட்டமா! ஊரே பறக்குது, நீர் ஒரு துண்டுத் துணியப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீர்."

"துண்டுத் துணிக்கு எதுக்குத் தலைவரே அவ்வளவு அவசரமாக் குனிஞ்சீங்க?"

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்புதான் கெடுத்தது. தாண்டவராயனுக்கு முகம் சிவந்தது.

"டைப்பு அடிச்சவர்தானே நீர்," என்றார். "அந்தத் தலைக்கு ரெண்டாவது துணியே ஜாஸ்தின்னு நெனச்சேன்."

கனகசபை எழுந்தார். சேகண்டி அடிக்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை, அஞ்சலை கூப்பிட்டது காதில் விழவில்லை. விடுவிடுவென்று கோயில் பக்கம் நடந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் சுவர் தாவி வந்து ரொட்டிக்கடையை மூடிற்று. கத்தல் கேட்டுத் திரும்பி அவர் ஓடி வந்தபோது, சுவர் விலகிய இடத்தில் அடுப்புக் கொட்டகை தரையோடு கிடந்தது, ரொட்டிக்கடைப் பக்கிரியின் கை ஒரு உத்தரத்தின் அடியில் இருந்தது. நாலைந்து பேர் சேர்ந்து உத்தரத்தைத் தூக்கினார்கள், அவர்களில் தாண்டவராயனும் ஒருவர். கை பிழைத்தது, எலும்பு பிழைக்கவில்லை.

"கோவம் வந்தா சொல்லிட்டுக் கோவப்படுங்க கொன்சலையா," என்றார் பக்கிரி, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு. "சேகண்டி எதுக்கு இருக்கு?"

அதற்குப் பிறகு கனகசபை நகரவில்லை. கடைத்தெரு நாற்காலியிலேயே உட்கார்ந்தார். தூக்கத்தில் புரண்டுவிடக் கூடாது என்று தன்னைத் துண்டால் நாற்காலியோடு கட்டிக்கொள்ளச் சொன்னார். ஊர் மெல்ல மெல்ல அந்த வட்டத்துக்குள் குடியேறியது. அங்கேயே சமைத்தார்கள், அங்கேயே படுத்தார்கள், அங்கேயே ஒருவனுக்கும் ஒருத்திக்கும் கல்யாணப் பேச்சு ஆரம்பித்து முறிந்தது. வெயில் நன்றாகக் காய்ந்தது.

ஆனால் ஒன்றை எல்லோரும் கவனித்தார்கள், யாரும் முதலில் வாயைத் திறக்கவில்லை. கண் நகராவிட்டால் புயலும் நகராது. வரும் புயல் போக வேண்டும், அதுதான் அதன் குணம், இது போகவில்லை. வட்டத்துக்கு வெளியே மழை நிற்காமல் கொட்டியது, ஆறு தெருவுக்குள் வந்தது, மலையடிவாரத்துக் கரும்புத் தோட்டத்துக் குடிசைகளிலிருந்து மாடு கத்துவதும் மனிதர் கூப்பிடுவதும் காற்று திரும்பும்போது துண்டு துண்டாகக் கேட்டது, பிறகு மாடு கத்துவது மட்டும் கேட்டது, பிறகு அதுவும் குறைந்தது. வெயிலில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சாப்பாட்டைப் பாதியில் வைத்தார்கள். கனகசபை கண்ணை மூடிக்கொண்டார், காதை மூட அவருக்குக் கை வரவில்லை.

தாண்டவராயன் மறுபடியும் வந்தார். இந்த முறை சத்தம் போடவில்லை.

"நீர் இங்க உக்காந்திருக்கிற வரைக்கும் அது இங்க உக்காந்திருக்கும். தீவ விட்டு நீர் கெளம்பிப் போயிரும்."

"போகச் சொல்ல நீங்க யாரு?" என்று மீன்காரத் தெருக்காரர்கள் பாய்ந்தார்கள். "அவரு போனா சுவர் எங்க மேல ஏறிப் போகும்."

"ஒரு தடவ ஏறும், போயிரும். இப்ப தெனம் ஏறிக்கிட்டு இருக்கு, மலைக்காரன் மேல. அவன் இங்க வந்து பேச முடியல, அதான் நான் பேசறேன்."

எல்லோரும் கனகசபையைப் பார்த்தார்கள். தாண்டவராயன் சொல்வது சரி என்று கனகசபைக்குத் தெரிந்தது. அவர் வாயிலிருந்து வந்ததே என்பதுதான் கசந்தது.

அப்போதுதான் நம் நாட்டு மீட்புக் கப்பல் வந்தது. பவளப்பாறைக்கு வெளியே நின்றுகொண்டு, அஞ்சலை தூதரகத்திலிருந்து தூக்கி வந்து நாற்காலியருகே வைத்திருந்த ரேடியோவில் கூப்பிட்டது. கேப்டன் ரொசாரியோ, தூத்துக்குடிக்காரர், உற்சாகமான குரல்.

"சார், உங்களக் கூட்டிட்டு வரச் சொல்லி உத்தரவு. உங்க தலைக்கு மேல காத்தே கெடையாதாமே? சுகமாப் போகலாம் சார். கடலூர்ல எறக்கி விட்டுடறோம்."

கடலூர் என்ற சொல்லைக் கேட்டதும் கனகசபையின் கை இடுப்புத் துண்டின் முடிச்சுக்குப் போயிற்று. கடலூரிலிருந்து பரங்கிப்பேட்டை ஒரு பஸ் தூரம். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் பாக்கி. இந்த வயதில் அவருக்கு வேண்டியதெல்லாம் சொந்த வீட்டில், சொந்தக் கிணற்றுத் தண்ணீரில் குளித்துவிட்டு, யார் முதல் யார் இரண்டாவது என்ற கணக்கே இல்லாமல் ஒரு தட்டில் சாப்பிடுவது. வீட்டுக்குப் பேச முடியுமா என்று கேட்டார். கேப்டன் இணைப்புக் கொடுத்தார்.

"ஏங்க, என்ன இரைச்சல், மழையா?" என்றாள் செங்கமலம்.

"சுத்தி மழ. நான் இருக்கிற எடத்துல வெயில்."

"அது எப்படி?"

"அப்படித்தான். அங்க எப்படி?"

"மாசி வெயில் கொளுத்துது. மாடி பூரா வத்தல் போட்டிருக்கேன். கடல் கண்ணாடி மாதிரி கெடக்குன்னு எல்லா போட்டும் கெளம்பிப் போயிருச்சு, கரையில ஒன்னுகூட இல்ல. பக்கத்து வீட்டுல கீத்து மாத்துறாங்க, பாதிக் கூரை தொறந்து கெடக்கு. நீங்க எப்ப வர்றீங்க?"

கனகசபை தலைக்கு மேலே பார்த்தார். வட்டமான நீல வானம் அவரை விட்டு இம்மியும் விலகாமல் நின்றது.

"கொஞ்சம் வேல இருக்கு, செங்கமலம். முடிச்சிட்டு வர்றேன்."

"வீட்ட விட வேல," என்றாள் அவள். "எப்பவும் அதே பேச்சு." இணைப்பு அறுந்தது.

"படகு அனுப்பட்டுமா சார்?" என்றார் கேப்டன்.

"நான் ஏறினா புயலும் ஏறும், கேப்டன்."

"அதனால என்ன சார், அது கப்பலுக்கு வெளியிலதானே இருக்கும்."

"கடலூர்ல நான் எறங்கினா?"

"எங்க வீடு தூத்துக்குடியில சார்," என்றார் கேப்டன் மெதுவாக. "கொஞ்சம் தள்ளி."

"உங்களுக்குத் தள்ளி. நீங்க போங்க."

"உத்தரவு இருக்கே சார்."

"இந்தத் தீவுல நம்ம நாட்டுக்கு நான்தான் வாய். அது வரலன்னு சொல்லிருச்சுன்னு சொல்லுங்க."

கப்பல் போயிற்று. இடுப்புத் துண்டை அவிழ்த்துவிட்டு அஞ்சலையைப் பார்த்தார். "சேகண்டி அடிக்கச் சொல்லும்மா. சீனிக் கிடங்குத் தெருவுக்கு."

சேகண்டி அடித்தது. ஊரே வட்டத்துக்குள் நெருக்கிக்கொண்டு, பிள்ளைகளையும் கிழவர்களையும் ஆடுகளையும் தூக்கிக்கொண்டு, கால் மிதிபட, தோள் இடிபட, சாம்பல் சுவர் நாலு பக்கமும் உரசிக்கொண்டு வர, அவர் வைத்த அடிக்கு ஒரு அடி வைத்து நடந்தது. கிடங்கு கருங்கல்லில் கட்டியது, வளைவுக் கூரை, தீவிலேயே அது ஒன்றுதான் அசையாமல் நின்றது. வாசலில் தாண்டவராயன் நின்றார்.

"இவங்கள உள்ள விடுங்க," என்றார் கனகசபை.

"கதவு தொறந்துதான் கெடக்கு. உம்மப் போல சுத்திக்கிட்டுப் போறவங்களுக்குத்தான் தெரியாது."

"தெக்க போனா தண்ணி குளிருமா?"

தாண்டவராயன் அவரை உற்றுப் பார்த்தார். "போகப் போகக் குளிரும். அந்தக் குளிர்ல புயல் தாங்காது, செத்துரும். போறவனும் சாகலாம்."

"உங்க படகு வேணும்."

"என் படக வேற எவன் ஓட்டினாலும் பாறையில ஏத்திருவான்."

"அப்ப?"

"நானே வர்றேன். உமக்காக இல்ல. படகு எனக்குத் திரும்பி வேணும்."

அஞ்சலை ஒரு தூக்குச்சட்டியில் சோறும் கருவாடும் கொண்டு வந்து கொடுத்தாள். "நீங்க வந்துதான் ஓடு மாத்தணும்," என்றாள். உள்ளே போனாள். கிடங்குக் கதவின் இரும்புத் தாழ் விழுந்த சத்தம் படகு வரைக்கும் கேட்டது.

படகு கிளம்பியது. அவர் விலக விலகச் சுவர் கரையேறியது. கடைத்தெரு மறைந்தது, கோயில் கோபுரம் மறைந்தது, கடைசியாகக் கிடங்கின் வளைவுக் கூரை சாம்பலுக்குள் போயிற்று. ஊருக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் இரண்டு பேரும் அதே திசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காற்று இல்லையே தவிர கடல் சும்மா இல்லை. எல்லாப் பக்கத்திலிருந்தும் அலை வந்து நடுவில் மோதிக்கொண்டது, படகு எழுந்து எழுந்து விழுந்தது, தாண்டவராயன் சுக்கானைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கடலைத் திட்டினார். நெடுநேரம் கழித்துப் படகு ரேடியோ கரகரத்தது.

"கெடங்கு நிக்குது," என்றது அஞ்சலையின் குரல். "எல்லாரும் இருக்கோம். பக்கிரி மட்டும் கை வலிக்குதுன்னு கத்துறாரு. மல மேல இருந்து ஆளுங்க எறங்கி வர்றாங்க கொன்சலையா, நெறைய பேரு வர்றாங்க. இங்க வானம் வெளுத்துருச்சு."

தாண்டவராயன் முகத்தைத் திருப்பிக்கொண்டு துடைத்தார். கனகசபை அதைப் பார்க்காத மாதிரி சட்டியைத் திறந்தார். பாதியைச் சாப்பிட்டுவிட்டு மீதியை அவர் பக்கம் தள்ளினார்.

தெற்கே போனார்கள். விடிந்தது, சாய்ந்தது, மறுபடி விடிந்தது. தண்ணீரின் நிறம் மாறியது. பல் கிடுகிடுத்தது. தாண்டவராயன் ஒரு பழைய கம்பளியை எடுத்துப் போட்டார், கனகசபை அதைத் தொடவில்லை, பிறகு விரல் மரத்துப்போனதும் எடுத்துப் போர்த்திக்கொண்டார். ஒரு தடவை சுவர் வெறி பிடித்த மாதிரி நெருங்கி வந்து, வட்டம் ஒரு கிணற்று வாய் அளவுக்குச் சுருங்கி, படகின் முனையில் இருந்த கொக்கியைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. இரண்டு பேரும் ஒரே பலகையில் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு ஒடுங்கினார்கள். யாருடைய நெஞ்சு அடிக்கிறது என்று இருவருக்கும் தெரியவில்லை. அதுதான் அதன் கடைசி வெறி. பிறகு சுவர் துவைத்துத் துவைத்து நைந்த துணி போல அங்கங்கே இழை விட்டது, அதன் வழியே அப்பாலிருக்கும் கடல் தெரிந்தது, வட்டம் அகன்று அகன்று எது வட்டம் எது வானம் என்று சொல்ல முடியாமல் போயிற்று.

கனகசபையின் நெற்றி மயிர் அசைந்தது.

கண் அவரோடு நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவர் மேல் காற்று பட்டதே இல்லை. இது சாதாரணக் காற்று, மெல்லியது, சாயங்காலக் கடற்கரையில் வீசுவது. அவர் முகத்தை அதற்குக் காட்டிக்கொண்டு, எழுந்து, படகின் அந்த முனைக்கு நடந்தார். எதுவும் அவர் கூட வரவில்லை. இந்த முனைக்குத் திரும்பி நடந்தார். காற்று அதன் பாட்டுக்கு வீசிற்று.

தாண்டவராயன் சுக்கானைப் பிடித்தபடி கடலைப் பார்த்துக்கொண்டு, யாரிடமோ சொல்வது போல, "நான் அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது," என்றார்.

அந்தக் காற்றுக்கு ஒரு காகிதத்தைத் தூக்கக்கூட வலுவில்லை. கனகசபை காதருகே கையைக் குவித்தார்.

"காத்துல ஒன்னும் கேக்கல தலைவரே."

"சொன்னது தப்புன்னேன்."

"என்ன?"

"தப்பு! நான் சொன்னது தப்பு, செஞ்சதும் தப்பு!" என்று அந்தத் தென்கடல் முழுக்கக் கேட்கும்படி தாண்டவராயன் கத்தினார். கத்தி முடித்து, மூச்சு வாங்க, "இப்பவாவது கேட்டுச்சா?" என்றார்.

"கேட்டுச்சு," என்றார் கனகசபை, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு. "படகத் திருப்புங்க. நான் வீட்டுக்குப் போகணும்."